ஸ்கூலுக்கு வர்ற வாசிப்புக் காசு பிள்ளைங்க கைக்கு புத்தகமா வரணும்னா என்ன பண்ணணும்

உங்க வீட்டு வரி ரசீதை ஒரு தடவ எடுத்துப் பாருங்க, வீட்டு வரிக்குப் பக்கத்துலயே நூலக வரின்னு தனியா ஒரு தொகை போட்டிருப்பாங்க, ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாம முயற்சி பண்ணி மெட்ராஸ் மாகாணத்துல கொண்டு வந்த பொது நூலகச் சட்டத்துல இருந்து வர்றது அது, சுதந்திர இந்தியாவோட முதல் நூலகச் சட்டம். அதாவது தமிழ்நாட்டுல சொந்த வீடு இருக்கிற எல்லாரும் வாசிப்புக்குன்னு ஏற்கனவே காசு கட்டிட்டுதான் இருக்கோம். அது போக ஸ்கூலுக்குன்னு தனியா பணம் வருது. இவ்வளவு இருந்தும் மூணாவது படிக்கிற பிள்ளை பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிடுதுன்னா நடுவுல எங்கயோ அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். அந்த அடைப்பை எடுக்கிறதுக்கு பெற்றோரா நாம என்ன செய்யலாம்னுதான் எழுதுறேன்.

முதல்ல என்னென்ன பணம்னு தெரிஞ்சுக்கோங்க, பேரு தெரியாம கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. சமக்ரா சிக்‌ஷான்னு 2018-ல இருந்து ஓடுற பள்ளிக் கல்வித் திட்டத்துல மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம் போடுறாங்க. அதுல தொடக்கப் பள்ளிக்கு நூலக மானியம்னு வருஷத்துக்கு 5,000 ரூபாய் வரைக்கும், எட்டாவது வரைக்கும் இருக்கிற நடுநிலைப் பள்ளின்னா 13,000 வரைக்கும் கொடுக்கலாம்னு விதி இருக்கு. இது போக பள்ளி மானியம் தனி, அது பிள்ளைங்க எண்ணிக்கைய வச்சு, 30 பேர் வரைக்கும் 10,000, 100 பேர் வரைக்கும் 25,000, 250 பேர் வரைக்கும் 50,000. இதுல பத்துல ஒரு பங்கு சுத்தம் சுகாதாரத்துக்குப் போயிடும், மிச்சத்துல சாக்பீஸ், கரண்ட் பில், ரிப்பேர்னு எல்லாம் பார்க்கணும், அதனால புத்தகத்துக்குன்னு பெருசா எதிர்பார்க்காதீங்க, ஒரு புத்தக ஸ்டாண்டு, ரெண்டு பாய் வாங்குற அளவுக்கு கேட்கலாம்.

அப்புறம் 2021 ஜூலைல மத்திய அரசு ஆரம்பிச்ச நிபுண் பாரத், மூணாவது முடிக்கிறதுக்குள்ள எல்லா பிள்ளையும் புரிஞ்சு வாசிக்கணும்ங்கிறது அதோட குறி. அதுல கற்றல் பொருளுக்குன்னு ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 500 ரூபாய் வரைக்கும் ஒதுக்கலாம். நம்ம ஊர்ல 2022 ஜூன்ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டமும் இதே வேலைக்குத்தான், பிள்ளைங்கள அரும்பு மொட்டு மலர்னு நிலை பிரிச்சு பயிற்சி நூல் கொடுக்கிறாங்களே அதுதான். இதெல்லாம் ஸ்கூல் கணக்குக்கு காசா வராது, பொருளாத்தான் வந்து இறங்கும். நூலக மானியமே சில வருஷம் புத்தகக் கட்டா வந்துடும், அதனால "காசு வந்துச்சா"ன்னு மட்டும் கேட்காம "புத்தகம் வந்துச்சா"ன்னும் சேர்த்துக் கேளுங்க.

இன்னொண்ணு, 2024-25-ல பிஎம் ஸ்ரீங்கிற மத்திய அரசோட மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலன்னு மத்திய அரசு சமக்ரா சிக்‌ஷா பங்கு 2,152 கோடிய கொடுக்காம நிறுத்தி வச்சு அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அந்த மாதிரி வருஷத்துல ஹெச்எம் "மேல இருந்து வரலங்க"ன்னு சொன்னா அது உண்மையாவே இருக்கலாம், அவங்ககிட்ட போய் சண்டை போடுறதுல பிரயோஜனம் இல்ல.

சரி எங்க கேட்கிறது? பள்ளி மேலாண்மைக் குழு, எஸ்எம்சின்னு சொல்லுவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, முக்கால்வாசி உறுப்பினர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேரு பெண்களா இருக்கணும். ஸ்கூலுக்கு வர்ற பணம் எப்படி செலவாகுதுன்னு பார்க்கிறது இவங்க வேலை, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுறதும் இவங்க வேலை. நிறைய ஊர்ல என்ன நடக்குதுன்னா, ரெஜிஸ்டர் வீட்டுக்கே வரும், அடுப்படியில நின்னுக்கிட்டே கையெழுத்து போட்டுக் கொடுத்துடுவோம். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் போட்டேன், என்ன எழுதியிருக்குன்னு படிக்கல. தயவுசெஞ்சு கூட்டத்துக்கு நேர்ல போங்க, அன்னிக்கு அரை நாள் கூலி போகும்னாலும் போங்க. நீங்க உறுப்பினர் இல்லன்னா உறுப்பினரா இருக்கிற அக்காகிட்ட இதையெல்லாம் சொல்லி அனுப்புங்க.

கூட்டத்துல முதல் கேள்வி, "மேடம், இந்த வருஷம் நமக்கு நூலக மானியம் எவ்வளவு லிமிட் போட்டிருக்காங்க?" லிமிட்ங்கிற வார்த்தை முக்கியம், ஏன்னா இப்ப ஸ்கூல் அக்கவுண்ட் ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்டு, பாஸ்புக்க பார்த்தா காசே இருக்காது, இவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்னு மேல இருந்து வரம்பு வைப்பாங்க, பில் போடும்போதுதான் பணம் போகும். மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணலன்னா அது திரும்பிப் போயிடும், பிப்ரவரி மார்ச்ல அவசர அவசரமா கையில கிடைச்ச புத்தகத்தை வாங்கி அடுக்குறது இதனாலதான். எனக்கு கேட்டா நவம்பர் டிசம்பர்லயே பேச்சை எடுத்துடுங்க, ஜனவரியில சென்னை புத்தகக் கண்காட்சி வரும், 10 சதவீதம் தள்ளுபடியில கிடைக்கும், மாவட்டத்துலயும் புத்தகத் திருவிழா நடக்குது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். எங்க பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல புத்தகம் இல்லாம இல்ல, இருந்துச்சு, பீரோவுக்குள்ள, சணல் கயிறு கூட அவிழ்க்காம. ஏன் டீச்சர் பூட்டி வச்சிருக்கீங்கன்னு கேட்டா, "கிழிஞ்சா தொலைஞ்சா ஆடிட்ல என்னைத்தாம்மா கேட்பாங்க, நான் எங்கருந்து கட்டுறது"ன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா அவங்க பயம் நியாயமானது, இருப்புப் பதிவேட்டுல ஏத்துன பொருளுக்கு அவங்கதான் பொறுப்பு. அதனால அவங்கள குறை சொல்றத விட்டுட்டு அந்த பாரத்தை கொஞ்சம் நாம வாங்கிக்கணும். நாங்க தீர்மானப் புத்தகத்துல இப்படி எழுதினோம், வேணும்னா அப்படியே எடுத்துக்கோங்க:

"1 முதல் 3 வகுப்பு மாணவர்களுக்கான கதைப் புத்தகங்களை வகுப்பறையிலேயே கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பது என்றும், வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது என்றும், பயன்பாட்டினால் கிழிந்த புத்தகங்களை ஆண்டு இறுதியில் குழு பார்வையிட்டுப் பதிவேட்டில் குறிப்பது என்றும் தீர்மானிக்கப்பட்டது."

அந்த கடைசி வரி எழுதுனதுக்கு அப்புறம்தான் டீச்சர் முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு, மறுநாளே கயிறை அவிழ்த்துட்டாங்க.

என்ன புத்தகம் வாங்கணும்ங்கிறதையும் ஹெச்எம் தலையில மட்டும் போடாதீங்க. இப்பதான் எழுத்து கூட்டுற பிள்ளைக்கு பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரி, பெரிய எழுத்து, பக்கம் முழுக்க படம், 16 பக்கம் போதும். நீதிக்கதைத் தொகுதி, தலைவர்கள் வரலாறுன்னு தடி தடியா வாங்கி வச்சா அழகா இருக்கும், ஆறு வயசுப் பிள்ளை தொடாது. நேஷனல் புக் டிரஸ்ட், சில்ரன்ஸ் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ், புக்ஸ் ஃபார் சில்ரன் இவங்க எல்லாரும் சின்னப் பிள்ளைங்களுக்கு தமிழ்ல போடுறாங்க. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைங்க இலவசமாவே இருக்கு, டவுன்லோடு பண்ணி பிரிண்ட் எடுத்து கொடுக்கலாம், அதுக்கு அனுமதி உண்டு. அரசே வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நிலை பிரிச்சு குட்டிக் குட்டி புத்தகம் போட்டிருக்கு, ரொம்ப நல்லா இருக்கும், உங்க ஸ்கூலுக்கு எத்தனை செட் வந்துச்சுன்னு கேளுங்க.

அடுத்து அந்த நூலக வரி. உங்க ஊர்ல ஊர்ப்புற நூலகமோ பகுதி நேர நூலகமோ இருந்தா பிள்ளைங்க பேருல உறுப்பினர் கார்டு போடுங்க, கட்டணம் ரொம்ப கம்மி. குழந்தைங்க புத்தகம் பத்தலன்னா நூலகரே ஒண்ணும் பண்ண முடியாது, மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதணும், அங்க இருக்கிற வாசகர் வட்டத்தோட சேர்ந்து எழுதுனா நல்லது. நூலகமே இல்லாத ஊருன்னா கிராம சபையில கேளுங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாள் கூடும். "நம்ம ஊராட்சி இந்த வருஷம் வசூல் பண்ண நூலக வரி எவ்வளவு, அதை மாவட்டத்து நூலகங்களை நடத்துற மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு கட்டியாச்சா"ன்னு கேட்டு அதை தீர்மானத்துல எழுத வைங்க, வாயால சொல்லிட்டு வந்தா அது காத்தோட போயிடும்.

எல்லாம் கேட்டும் பதில் இல்லன்னா முதல்ல வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு, நகல்ல சீல் வாங்கிக்கோங்க. அதுக்கும் அசையலன்னா தகவல் உரிமைச் சட்டம், ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, 30 நாள்ல பதில் வரணும். நீளமா குறை எழுதாதீங்க, கடந்த மூணு நிதியாண்டுல இந்தப் பள்ளிக்கு ஒதுக்குன நூலக மானியம் எவ்வளவு, செலவு எவ்வளவு, வாங்குன புத்தகப் பட்டியலோட நகல் வேணும், அவ்வளவுதான். இது கடைசி வழியா இருக்கட்டும், நம்ம பிள்ளை தினமும் உட்கார்ற வகுப்பு அது, டீச்சரோட மனஸ்தாபம் வந்தா பாதிக்கப்படுறது பிள்ளைதான்.

புத்தகம் வெளிய வந்ததுக்கு அப்புறமும் கூட்டத்துக்கு போறத விட்டுடாதீங்க. ஒரு 40 பக்க நோட்டை வாங்கி வகுப்புல தொங்க விட்டு, யாரு எந்த புத்தகம் எடுத்தாங்கன்னு பிள்ளைங்களையே எழுதச் சொல்லுங்க, கோணல் மாணலா இருந்தாலும் பரவால்ல. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டை கொண்டுவரச் சொல்லி எல்லாரும் பாருங்க, எந்த பிள்ளை பேரு ஒரு தடவ கூட இல்லையோ அந்த வீட்டுக்கு சாயங்காலம் ஒருத்தர் போய்ட்டு வாங்க.