கழிவுநீர்க் கசடுடன் பீர் ஆலைக் கழிவைச் சேர்த்து உயிரி எரிவாயு தயாரிக்கும் முறை

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றுப்புகாத செரிப்புத் தொட்டி (நுண்ணுயிர்கள் கசட்டைச் சிதைத்து மீத்தேன் கலந்த எரிவாயுவாக மாற்றும் தொட்டி) ஏற்கெனவே இயங்கிவந்தால், அருகிலுள்ள பீர் ஆலையின் கழிவையும் அதிலேயே செரிக்கவைத்து வாயு உற்பத்தியைப் பெருக்க முடியும். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரச் சுத்திகரிப்பு நிலையம், உணவுக் கழிவையும் ஒயின் ஆலைக் கழிவையும் இவ்வாறு ஏற்றுக்கொண்டு, 2012இல் தன் தேவைக்கும் மேலான மின்சாரத்தை உற்பத்தி செய்யும் நிலையை எட்டியது.

பீர் ஆலையிலிருந்து மால்ட் (முளைகட்டிய பார்லி) சக்கை, எஞ்சிய ஈஸ்ட், கழுவுநீர் ஆகியவை வெளியேறுகின்றன. கெடாத சக்கை மாட்டுத் தீவனமாகச் செல்வதே முறை. தீவனத்துக்கு உதவாததை மட்டும் தொட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆலையில் பாத்திரங்களைக் கழுவும் காஸ்டிக் சோடாவும் கிருமிநாசினியும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லக்கூடியவை என்பதால், அவை கலவாத கழிவையே தனியாகப் பிடித்துத் தரும்படி ஆலையிடம் முன்கூட்டியே உறுதி பெற வேண்டும். சக்கையை நன்கு அரைத்துக் கசடுடன் கரைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உமி மேலே மிதந்து ஏடாகப் படியும். உயிருள்ள ஈஸ்ட் நுரையைக் கிளப்பும் என்பதால் அதைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்த பின்பே சேர்க்க வேண்டும்.

அளவைக் கணக்கிட்டே தொடங்க வேண்டும். 100 கனமீட்டர் தொட்டிக்கு, 4 சதவீதத் திடப்பொருள் கொண்ட கசடு நாளொன்றுக்கு 5 கனமீட்டர் செல்கிறது எனில், அதில் 70 சதவீதம் கரிமப்பொருளாக இருக்கும்போது, தொட்டியின் ஒவ்வொரு கனமீட்டருக்கும் நாளொன்றுக்கு 1.4 கிலோ கரிமச்சுமை ஏறுகிறது. ஈரச் சக்கை 100 கிலோ சேர்த்தால் இது ஏறத்தாழ 1.6 ஆகும். இந்த அளவிலேயே சில வாரங்கள் நிறுத்தி, தொட்டி நிலைப்பட்ட பிறகே அடுத்த 100 கிலோவுக்குச் செல்ல வேண்டும். வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி செல்சியஸுக்குள் மாறாமல் இருக்க வேண்டும்.

இவ்வளவு பொறுமை தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகுகின்றன. அந்த அமிலத்தை மீத்தேனாக்குபவையோ மெதுவாகவே வளர்கின்றன. அமிலம் தேங்கத் தொடங்கினாலும் கசட்டின் காரத்தன்மை அதைத் தாங்கிக்கொள்வதால், பிஎச் மதிப்பு இறங்குவது கடைசியில்தான் தெரியும். ஆகவே பிஎச்சை மட்டும் நம்பாமல், வடிகட்டிய 20 மில்லி மாதிரியில் நீர்த்த கந்தக அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, பிஎச் 5.0 ஆகும்வரையிலும், அதன்பின் 4.4 ஆகும்வரையிலும் செலவான அமிலத்தைக் குறித்துக்கொண்டு, தொட்டியில் தேங்கும் கொழுப்பு அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட வேண்டும். அது 0.4ஐத் தாண்டினால் பீர் கழிவை உடனே நிறுத்த வேண்டும். அப்போது அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பைக் கொட்டுவது தவறு. அது கரியமிலவாயுவை உறிஞ்சித் தொட்டியின் மேற்பகுதியில் வெற்றிடத்தை உண்டாக்கக்கூடும். சோடியம் பைகார்பனேட்டே பாதுகாப்பானது.

வெளிவரும் வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடை இரும்புத்துருப் படுகை வழியே செலுத்தி நீக்கிய பின்பே இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். அடர்த்தி மிகும்போது ஹைட்ரஜன் சல்பைடு நுகரும் திறனையே முடக்கிவிடும் என்பதால், வாடை இல்லை என்று நம்பி எவரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. வாயு அளவீட்டுக் கருவி காட்டும் மதிப்பு ஒன்றையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.