மாலை போட்ட இரண்டாம் நாள்: குடியை விடவைக்க வீட்டார் செய்யும் தவறுகள்

ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றே குடியை அடியோடு நிறுத்துகிறவர்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறைய பேர். அவர்களில் சிலருக்கு இரண்டாம் நாள் வலிப்பு வரும். "சாமி குத்தம்" என்று வீடு பதறும். காரணம் மூளையில் இருக்கிறது. தினமும் இறங்கும் மதுவின் மந்தத்துக்கு ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மது திடீரென நின்றதும் அந்த வேகத்துக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது.

இதன் நேரக் கணக்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் ஆனதும் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னொரு ஆபத்து: இல்லாத பூச்சியைப் போர்வையில் தேடிப் பிடிப்பார், வீட்டைக் கடை என்பார், உடம்பு கொதிக்கும். "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்க அழைத்துப்போவது இந்தக் கட்டத்தில்தான். மருத்துவமனைக்குப் போகாவிட்டால் உயிரே போகலாம்.

ஆகவே தினமும் அதிகம் குடிப்பவரை அறையில் பூட்டுவது, பாட்டிலைக் கொட்டிவிட்டுக் காவல் இருப்பது, கோயிலில் கயிறு கட்டி அன்றோடு நிறுத்தச் சொல்வது எல்லாமே தவறு. வேண்டுதல் இருக்கட்டும். அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவிலோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ காட்டுங்கள். வலிப்பைத் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கி நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். முன்பு வலிப்பு வந்தவர், வயதானவர் என்றால் மருத்துவமனையில் தங்கவைத்துப் பார்ப்பதே சரி. வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். கையில் இரும்புச் சாவி வேண்டாம், வாயில் எதுவுமே வேண்டாம்.

மானத்துக்கு அஞ்சி டாக்டரிடம் "எப்பவாவது கொஞ்சம்" என்று குறைத்துச் சொல்வதும் ஆபத்து. மாத்திரையின் அளவை அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம். "பீர்தானே" என்று இரண்டு பாட்டில் குடிப்பவர் குவார்ட்டர்காரரைத் தாண்டிவிட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய், குடிப்பதைச் சொல்லாமல் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். நெடுநாள் குடித்து, சரியாகச் சாப்பிடாத உடம்பில் தயமின் எனும் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். குளுக்கோஸைப் பயன்படுத்த உடம்புக்கு அதே பி1 வேண்டும். குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, நடை தள்ளாடி, கண் அசைவு கெட்டு, நினைவாற்றல் நிரந்தரமாகப் பழுதாகலாம். விஷயம் தெரிந்தால் பி1 ஊசி போட்டுவிட்டு ஏற்றுவார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, அவருக்குத் தெரியாமல் குழம்பில் மருந்து கலப்பது. அப்படி விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே வெளிச்சம். சிலர் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துப் போடுகிறார்கள். அது மது செரிக்கும் வழியைப் பாதியில் அடைத்து, அசிட்டால்டிஹைடு என்ற நச்சை ரத்தத்தில் தேக்கும். குடித்த 10 முதல் 30 நிமிடத்தில் முகம் சிவக்கும், வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் இறங்கும். தெரிந்து சாப்பிடுபவர் அந்தப் பயத்தாலேயே குடிக்க மாட்டார். மருந்தின் பலன் முழுக்க அந்தப் பயத்தில்தான் இருக்கிறது. தெரியாதவர் வழக்கமான அளவை முழுதாக ஊற்றிக்கொள்வார். இதயக் கோளாறு இருந்தால் செத்தே போகலாம். ஈரல் பரிசோதனை, ஈசிஜி, அவருடைய சம்மதம், கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது இடைவெளி, இத்தனைக்கும் பிறகுதான் இதைத் தொடங்குவார்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். அந்த நாட்களில் தசமூலாரிஷ்டமும் சில இருமல் சிரப்களும்கூட ஆகாது. அவற்றிலும் ஆல்கஹால் உண்டு. குழம்பு ரகசியம் வெளிப்பட்ட பிறகு மனைவி கையால் சாப்பிடவே அவர் தயங்குவார் என்பது தனிக் கதை.

போதையோடு வந்தவரிடம் இரவு பத்து மணிக்கு நியாயம் கேட்காதீர்கள். காலையில் பாதி நினைவிருக்காது. மறுநாள் டீ குடித்தபின், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியபின் பேசுங்கள். ஒரு சம்பவம், ஒரு கோரிக்கை போதும்: "நேத்து போட்ட சத்தத்துல சின்னவ தூங்கவே இல்லைங்க. புதன்கிழமை நானும் வர்றேன், டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுவோம்." குடித்த நாளில் சண்டை, குடிக்காத நாளில் மௌனம் என்று நடத்தினால் அவருக்கு வீட்டில் நல்ல நாளே கிடையாது. குடிக்காத மாலையில் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வேலைக்குப் போகாத நாளில் "காய்ச்சல்" என்று சூப்பர்வைசருக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம், கடைக் கடனையும் அடைக்க வேண்டாம். அப்பாவைத் தேடிக் கூட்டிவரப் பிள்ளையை அனுப்பவே கூடாது. கை ஓங்கினால் "போதையில அடிச்சாரு" என்று பொறுக்காமல் வெளியேறி, பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

வேனில் வந்து ஆளைக் கட்டித் தூக்கிப்போகிற மையங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். மதுவால் வரும் மனநலச் சிக்கலும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது. சங்கிலியால் கட்டுவதை அச்சட்டம் தடை செய்கிறது. பதிவுச் சான்றைக் கேளுங்கள், மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார் என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பிவிடுங்கள்.

மாலையைக் கழற்றும் நாளுக்குப் பெரும்பாலான வீடுகளில் திட்டமே இருப்பதில்லை. அன்றே, புதுச்சேரி எல்லையில் மதுக்கடைகள் இருக்கும் முள்ளோடை பக்கம் வண்டி திரும்பிவிடும். முதல் இரண்டு வாரம் சம்பளப் பணம் யார் கையில், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை எங்கே இருப்பார், எந்த நண்பரைத் தவிர்ப்பார் என்பதை அவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒருநாள் சறுக்கினால் "எல்லாம் போச்சு" என்று மருந்தை நிறுத்திவிடாமல், மறுநாளே அதே டாக்டரிடம் போங்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டு மனம் தளர்ந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.