எம்.2 என்றால் எந்த எம்.2? பழைய கணினியை வீட்டுக்குத் தயார்செய்தல்

மகள் உயர்தர வகுப்புக்குப் போனதும் வீட்டில் ஒரு மேசைக்கணினி வேண்டும் என்றாகிவிட்டது. புதிது வாங்கக் கையில் பணம் போதவில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளைத் துடைத்து விற்பார்களே, அப்படிப் பாவித்த ஒன்றை வாங்கி, ரேம் என்ற தற்காலிக நினைவகத்தையும், எஸ்எஸ்டி என்ற சுழலும் பாகமில்லாத சேமிப்பகத்தையும் நானே மாற்றினேன். ஒரு மாலையில் முடியவேண்டிய வேலை மூன்று வாரம் இழுத்தது. அதில் பெரும்பகுதி ஒரேயொரு படியில் போனது. அது நான்காம் படி. அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம்.

பெட்டியைத் திறக்குமுன் மின்செருகியைக் கழற்ற வேண்டும் என்பதையெல்லாம் நான் விளக்கப்போவதில்லை.

படி 1: என்ன இருக்கிறது என்று பாருங்கள்

திருகாணிச் சாவியை இப்போதே தேட வேண்டாம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போனால் ரேம் எத்தனை ஜிபி, அதற்கான செருகுவாய்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன, உள்ளே இருப்பது சுழலும் வன்தட்டா எஸ்எஸ்டியா என்று எல்லாம் தெரியும். கடையில் விலை பேசுமுன்பே இதைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடைக்காரரிடம் நான் வாங்குவதில்லை.

படி 2: ஐ5, ஐ7 என்ற பெயரில் மயங்காதீர்கள்

இவை கணினியின் மூளையான செயலிக்கு இன்டெல் நிறுவனம் வைத்த பெயர்கள். பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-8500 எட்டாம் தலைமுறை. ஐ5-10400 பத்தாம் தலைமுறை. கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டு முன்னால் நிற்பதை வாசித்தால் போதும். (2023 கடைசியில் வந்த ‘கோர் அல்ட்ரா’ வரிசைக்கு இந்தக் கணக்கு செல்லாது. நம் பட்ஜெட்டுக்கு அது இப்போதைக்குக் கவலையில்லை.)

இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆகவே இரண்டாம் தலைமுறை ஐ7-ஐ விட எட்டாம் தலைமுறை ஐ3 மேல். ‘ஐ7’ என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பவற்றில் பல பத்து வருடத்துக்கு மேற்பட்டவை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பாடசாலைப் பிள்ளைக்கு வாங்கும்போது அந்தச் சண்டையை வீட்டில் தொடங்க நான் விரும்பவில்லை.

படி 3: ரேம்

எட்டு ஜிபி குறைந்தபட்சம். ரேம் வகைகளான டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் அடியில் ஒரு வெட்டு இருக்கும், ஆனால் வெவ்வேறு இடத்தில். மாறிப் போட முடியாது, அழுத்தாதீர்கள். மடிக்கணினிக்கு உரியது நீளத்தில் பாதியளவுதான். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே நல்லது. நான்கு ஜிபி ரேம் இரண்டைப் போட்டால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மைதான். நான் எட்டு ஜிபி ஒன்றைப் போட்டு, மற்றச் செருகுவாயைப் பின்னாளுக்காகக் காலியாக விட்டேன்.

படி 4: எஸ்எஸ்டி

பழைய கணினியை ஆளே மாறியதுபோல் ஆக்குவது இதுதான். சுழலும் வன்தட்டு விநாடிக்கு நூறு, நூற்றைம்பது மெகாபைட் வாசித்தால் பெரிது. சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் எஸ்எஸ்டி ஐந்நூறைத் தாண்டும்.

என் கணினியின் தாய்ப்பலகையில் (பாகங்கள் எல்லாம் செருகும் முதன்மைப் பலகையில்) எம்.2 என்று எழுதிய ஒரு செருகுவாய் இருந்தது. கொழும்பில் வேலைசெய்யும் மருமகனிடம், எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவரச் சொன்னேன். விலை குறைந்ததாக ஒன்றை வாங்கி இரவுப் புகையிரதத்தில் கொண்டுவந்தான். சூயிங்கம் துண்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. செருகினேன், அழகாக உட்கார்ந்தது. திருகாணியும் போட்டேன். கணினியைப் போட்டால் பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளில்) அப்படியொன்று இருப்பதாகவே காட்டவில்லை.

கழற்றிப் போட்டேன். அழிறப்பரால் முனையைத் தேய்த்துப் போட்டேன். பயோஸைப் புதுப்பித்தேன். கொழும்புக் கடைக்காரரை மனதுக்குள் ஏசினேன். மருமகன் அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கடையில் காட்ட, அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாம். மறுபடியும் அது புகையிரதம் ஏறித் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது.

கடைசியில் இங்கே கணினி திருத்தும் தம்பி ஒருவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து அரை நிமிடத்தில் சொன்னார்: “அண்ணா, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கதைக்கிற மொழி வேறு.”

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டாவும் வரும், அதைவிடப் புதிய இணைப்பு முறையான என்விஎம்இயும் வரும். பொன்முலாம் பூசிய முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா. ஒரு வெட்டு என்றால் அனேகமாக என்விஎம்இ. என் தாய்ப்பலகை என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். இரண்டு வெட்டு உள்ளது அந்த வாயிலும் நுழைந்துவிடும் என்பதுதான் பொறி. நுழையாமல் இருந்திருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும்.

வாங்குமுன் கணினியின் மாதிரி இலக்கத்தைக் கொண்டு உற்பத்தியாளரின் தளத்தில் கையேட்டை எடுத்து, எம்.2 என்ற பகுதியை வாசியுங்கள். அது சிரமம் என்றால் இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். முதன்முறை கைவைப்பவருக்கு என் சிபாரிசு அதுதான். என்விஎம்இ பல மடங்கு வேகம் என்பார்கள். குறிப்பு எழுதவும் வகுப்புக் காணொளி பார்க்கவும் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

விண்டோஸைப் பழைய தட்டிலிருந்து அப்படியே படியெடுக்காமல் புதிதாக நிறுவுங்கள். யாரோ ஓர் அலுவலகத்தின் குப்பை நமக்கு எதற்கு?

படி 5: யூபிஎஸ்

மின்சாரம் போனதும் பற்றரியில் சிறிது நேரம் கணினியை ஓடவைக்கும் கருவி இது. 650 விஏ (வோல்ட்-அம்பியர்) என்று பெட்டியில் போட்டிருப்பது வாட் அல்ல. வாட் அளவு அதைவிடக் குறைவு. பெட்டியின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். திரையும் கணினியும் மட்டும் போடுங்கள். லேசர் அச்சுப்பொறியை ஒருபோதும் அதில் செருக வேண்டாம். சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது. உள்ளே இருக்கும் பற்றரியை இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும்.

படி 6: கடற்காற்று

இதை வேறு ஊர்க்காரர் எழுதும் விளக்கங்களில் காணமாட்டீர்கள். எங்கள் வீடு டச்சு விரிகுடாவுக்குப் பக்கம். சன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்று ரேமின் முனையை மட்டும் விட்டுவைக்குமா? முன்பு வைத்திருந்த கணினி ஒருநாள் திரை வராமல் பீப், பீப் என்று கத்தியது. ரேமைக் கழற்றிப் பார்த்தால் பொன்னிற முனைகள் மங்கி, இரண்டு மூன்றில் பச்சைப் புள்ளி. மென்மையான வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டுப் போட்டதும் சரியாயிற்று. ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து போகும்.

கடலைப் பார்த்த சன்னலுக்கு அருகில் கணினியை வைக்காதீர்கள். மார்கழி மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் ஓடவிடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் ஈரம் தங்காது. தையல் போட்ட துணி உறையை ஓடும்போது மூடிவிட வேண்டாம். எங்கள் அம்மா அழகாகத் தைத்துத் தந்தார். நான் இரவில் மட்டும் போடுகிறேன்.

பிற்சேர்க்கை

மூதூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: எஸ்எஸ்டி போட்ட பிறகும் கணினி பழையபடி ஆமைவேகத்தில் திறக்கிறதாம். பழைய வன்தட்டையும் உள்ளேயே விட்டிருக்கிறார். கணினி அதிலிருந்தே தொடங்கியிருக்கிறது. பயோஸில் தொடக்க வரிசையில் எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்ததும் தீர்ந்தது.

அலுவலகக் கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ வாய் இருக்காது, டிஸ்பிளேபோர்ட்தான் இருக்கும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் வடம் கிடைக்கிறது. அது ஒருவழிப் பாதை. கணினிப் பக்கம் டிஸ்பிளேபோர்ட்டாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. பாவித்த கணினிகளில் எம்.2-ஐப் பிடிக்கும் குட்டித் திருகாணி அனேகமாக இருக்காது. அது இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கம் மேலே எழும்பி நிற்கும். கிண்ணியாவிலிருந்து எழுதிய வாசகர் டேப் ஒட்டிப் பார்த்திருக்கிறார். சூட்டில் டேப் கழன்றுவிட்டது. எஸ்எஸ்டி வாங்கும்போதே அந்தத் திருகாணியையும் கேட்டு வாங்குங்கள். எனக்குப் பழுதான மடிக்கணினி ஒன்றின் வைஃபை அட்டையைப் பிடித்திருந்த திருகாணி அச்சொட்டாகப் பொருந்தியது.