பனிக்காலத்தில் கராஜ் கதவு திறக்காவிட்டால்: குமரி மாவட்டத்திலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வளர்ந்தவர்களுக்குக் கதவு தொல்லை தருவது மழைக்காலத்தில்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் மரக்கதவு ஊறி இறுகும். குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் கடை ஷட்டர் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். குளிரால் ஒரு கதவு நின்றுபோவதை நாம் ஊரில் கண்டதில்லை. ஆகவே கனடாவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ குடியேறி, முதல் பனிக்காலத்தில் ரிமோட்டை அழுத்தியும் கராஜ் கதவு அசையாதபோது, மோட்டார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். பெரும்பாலும் குறை மோட்டாரில் இருப்பதில்லை. கதவுதான் குளிரில் இறுகிப்போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஓர் எச்சரிக்கை. கதவைச் சரிசெய்யும்வரை வண்டி சூடாகட்டும் என்று மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது வீட்டுக்குள்ளும் புகுந்து உயிரைப் பறித்துவிடும்.

மோட்டார் உறுமியும் கதவு எழவில்லை என்றால், முதலில் குனிந்து தரையைப் பாருங்கள். உருகிய பனிநீர் கதவின் அடியிலுள்ள ரப்பர் பட்டைக்குக் கீழே தேங்கி, இரவில் உறைந்து, பட்டையைக் கான்கிரீட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த நிலையில் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினால் பட்டை கிழியும். மோட்டாரின் பல்சக்கரமும் பழுதாகலாம். பிளாஸ்டிக் சுரண்டியால் பனியைப் பெயர்த்தெடுங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரின் வெப்பக்காற்றும் உதவும். வெந்நீர் ஊற்றினால் அந்த நீரே திரும்பவும் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

தரையில் பனி இல்லையென்றால், கதவுக்கு மேலே இரும்புத் தண்டில் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் அன்று, இந்த ஸ்பிரிங்தான். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடும் அளவுக்குச் செய்யப்படுகிறது. நாளொன்றுக்கு 4 முறை திறந்து மூடும் வீட்டில் அது ஏறக்குறைய 7 ஆண்டுகள் வரும். தேய்ந்த எஃகு கடுங்குளிரில் எளிதில் முறியும். சுருளின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தால் ஸ்பிரிங் முறிந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் எதையும் தொடாமல் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். ஊரில் எந்தப் பழுதையும் நாமே பிரித்துப் பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கந்தான். ஆனால் முறுக்கேறிய இந்த ஸ்பிரிங் கையை உடைக்கும், உயிரையும் வாங்கும்.

ஸ்பிரிங் முழுமையாக இருந்து, கதவும் மூடியிருந்தால், மோட்டாரின் ரெயிலிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவியுங்கள். கதவு திறந்திருக்கும்போது கயிற்றை இழுத்தால் அது சட்டென்று விழக்கூடும். விடுவித்த கதவைக் கையால் இடுப்பு உயரம் தூக்கிப் பாருங்கள். எளிதாக ஏறி அங்கேயே நின்றால் கதவு நலம். மோட்டாரையோ அதன் அமைப்பையோ பார்க்க வேண்டும். தூக்கவே முடியாமல் கனத்தாலும், கைவிட்டதும் கீழே இறங்கினாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கரகரவென்று உரசி ஏறினால், ரோலர்களிலும் கீல்களிலும் உள்ள பழைய கிரீஸ் குளிரில் கெட்டியாகியிருக்கும். அதைத் துடைத்தெடுத்துவிட்டு சிலிக்கோன் அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ் இடுங்கள். கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் அந்த எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உறையத் தொடங்கும் என்பதால், பனிநாட்டில் அது கதவை இன்னும் இறுக்கும்.

மோட்டார்ப் பெட்டியில் விசையைக் கூட்டும் திருகோ பொத்தானோ இருக்கும். கதவைச் சரிபார்க்காமல் அதைக் கூட்டுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். விசை கூடிய கதவு, கீழே குழந்தை இருந்தாலும் நிற்காமல் அழுத்திவிடும். கூட்டியே ஆக வேண்டியிருந்தால், ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்கவைத்துக் கதவை மூடிப் பாருங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு மேலே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் விசையைக் குறைத்தே தீர வேண்டும்.

கதவு பாதி இறங்கி மீண்டும் ஏறினால், தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் இருபுறமும் உள்ள சென்சார்களைப் பாருங்கள். அமெரிக்காவில் 1993 முதல் தயாரிக்கப்படும் வீட்டு ஓப்பனர்களுக்கு (கதவைத் திறந்து மூடும் மோட்டார்களுக்கு) கதவுக்கடியில் ஆள் சிக்காமல் காக்கும் ஏற்பாடு கட்டாயம். பெரும்பாலான வீடுகளில் அந்த வேலையைச் செய்பவை இவைதான். கண்ணாடியில் ஈரமோ பனியோ படிந்திருந்தால் மென்துணியால் துடைத்தால் போதும். சாய்வான குளிர்கால வெயில் நேரே விழுந்தாலும் இதே கோளாறு வரும். ரிமோட் மட்டும் வேலை செய்யாமல் சுவர்ப் பொத்தான் வேலை செய்தால், குளிரில் சோர்ந்த பேட்டரியை மாற்றுங்கள்.

துடைத்துக் கிரீஸ் இடும் வேலையை அக்டோபரிலேயே, கை விறைக்காத நாளில் முடித்துவிடுங்கள்.