ஆதி ஆங்கில இலக்கியத்தின் பின்னணியைப் படிப்பது எப்படி: காசிமேட்டு மாடியிலிருந்து

காலேஜ் திறந்த கொஞ்ச நாளில் பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு மாடிக்கு டியூஷனுக்கு வந்துவிடுவார்கள். காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி. பாதிப் பேர் தமிழ் மீடியம். எல்லார் கையிலும் ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ் இருக்கும், அதன் முதல் பக்கம் முழுக்கத் தேதிகள். "அக்கா, இத மட்டும் மனப்பாடம் பண்ணா பாஸாயிடலாமா?" என்று யாராவது ஒருவர் கேட்பார்.

நானும் அப்படித்தான் படித்தேன். பரீட்சை முடிந்த மறுநாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. பிறகு எம்.ஏ. படிக்கும்போதுதான் பாட்டை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கு விளக்கம் கேட்டு வரலாற்றுக்குப் போகும் வழியைப் பிடித்தேன். நம் தமிழ்க் காதுக்கு இந்த ஆதி ஆங்கில இலக்கியம், அதாவது 1066-க்கு முந்தைய பழைய ஆங்கிலப் பாட்டும் எழுத்தும், அவ்வளவு அந்நியமும் இல்லை. கீழே சொல்வது அந்த வழிதான்.

முதல் நாள் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், ஒரு வரைபடம் வரையுங்கள். இடது பக்கம் பிரிட்டன் தீவு, வலது பக்கம் டென்மார்க், வடக்கு ஜெர்மனி, நடுவில் வடகடல். ரோமானியர்கள் கி.பி. 43 முதல் அந்தத் தீவின் பெரும்பகுதியை ஆண்டார்கள். கி.பி. 410 வாக்கில் ரோமாபுரிக்கே ஆபத்து வந்தபோது அவர்களுடைய ஆட்சி அங்கே முடிந்தது. ஏற்கெனவே அங்கே வாழ்ந்த பிரிட்டன்கள் கெல்ட்டிய மொழி பேசியவர்கள். ரோமானியர் விட்டுப்போன அந்தத் தீவுக்கு ஆங்கில்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் என்று மூன்று ஜெர்மானியக் கூட்டத்தார் படகேறி வந்தார்கள். அவர்கள் பேசியதுதான் பழைய ஆங்கிலமாயிற்று. அவர்கள் வந்தது 449 என்று பீட் என்ற துறவி எழுதிவைத்தார். அவர் தன் வரலாற்று நூலை முடித்தது 731-இல், அதாவது கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து. ஆகவே 449-ஐ ஒரே நாளில் நடந்த படையெடுப்பு என்று எண்ண வேண்டாம். பல பத்தாண்டுகளாகக் கரை இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

சரி, வரைபடத்தில் கடலுக்குப் பெரிய இடம் கொடுங்கள். இந்த இலக்கியத்தின் பெரிய பாத்திரம் கடல்தான். 124 அடியில் 'தி சீஃபேரர்' என்று ஒரு பாட்டு இருக்கிறது, 'கடலோடி' என்று தமிழில் சொல்லலாம். பனி கட்டிய இரவில், பாறைக்குப் பக்கத்தில் படகு அலைபாய, அணியத்தில் காவல் நிற்கும் ஒருவன் பேசுகிறான். குளிரில் கால் மரத்துப்போகிறது. மனிதர் சிரிப்புக்குப் பதில் கடற்பறவையின் கத்தல்தான் அவனுக்குக் கேட்கிறது. இவ்வளவு பட்டும், கரையில் யாழும் பொன்னும் பெண்ணும் இருந்தாலும், தன் மனசு கடலுக்குத்தான் போகிறது என்கிறான்.

ஒரு தடைக்காலத்தில் இதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாதே, அவர் வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, "அவன் எந்த ஊருக்காரம்மா?" என்றார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து என்றேன். "கரையில இருந்தா கடல் இஸ்துகினே இருக்கும். கரெக்டா சொல்லிக்கிறான்" என்றார். வேலை இல்லாத அந்த இரண்டு மாதமும் தினம் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் நின்றுவிட்டு வருகிறவர் அவர். அன்றைக்குப் பிறகு இந்தப் பாட்டுக்கு நான் உரை எதையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதில்லை. வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால் அவரிடம் சொல்லிக் கேட்டுவிட்டு வா என்று அனுப்புகிறேன்.

இரண்டாவது, காது. பழைய ஆங்கிலப் பாட்டில் அடியின் கடைசியில் இயைபு கிடையாது. ஓர் அடி இரண்டு பாதியாகப் பிரியும், நடுவில் ஒரு நிறுத்தம். ஒரு பாதிக்கு இரண்டு அழுத்தம், அதாவது குரல் ஓங்கும் இடம், ஆக நான்கு. மூன்றாவது அழுத்தம் எந்த ஒலியில் தொடங்குகிறதோ அதே ஒலி முதல் பாதியில் ஒரு முறையாவது வரவேண்டும், நான்காவதில் வராமல் விடுவதுதான் வழக்கம். நோட்ஸில் இதைப் படித்தால் தலை சுற்றும். இப்போது இதைச் சொல்லிப் பாருங்கள்: "ஆடிக் காற்றில் / அம்மியும் பறக்கும்." நடுவில் மூச்சு நிற்கிறது. மூன்றாவது சொல் 'அம்மியும்', அதோடு 'ஆடி' சேருகிறது. 'பறக்கும்' தனியாக நிற்கிறது. நம் பழமொழி அச்சு அசலாக அந்த ஊர் யாப்பில் உட்கார்ந்திருக்கிறது. 'அ'வுக்கு 'ஆ' மோனையாவது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அவர்களிடம் எந்த உயிரெழுத்துக்கும் எந்த உயிரெழுத்தும் மோனையாகலாம், வித்தியாசம் அவ்வளவுதான். போனில் பழைய ஆங்கில வாசிப்பு ஒன்றைத் தேடி, பொருள் புரியாமலே பத்து நிமிடம் கேளுங்கள். விரலால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டால் நான்கு தட்டும் தானாகப் பிடிபடும்.

அப்புறம் கூட்டுச்சொற்கள். கடலைத் 'திமிங்கிலச் சாலை' என்பார்கள், உடம்பை 'எலும்பு வீடு' என்பார்கள், அரசனை 'வளையம் வழங்குபவன்' என்பார்கள். இந்த 'வளையம் வழங்குபவன்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தச் சமூகம் முழுக்க அதற்குள் இருக்கிறது. தலைவன் மரத்தாலான பெரிய கூடத்தில் வீரர்களுக்கு விருந்து வைப்பான், பொன் வளையம் கொடுப்பான். வீரன் உயிரைக் கொடுப்பான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதுதான். கூடத்தில் ஸ்காப் என்ற பாடகன் யாழோடு பாடுவான், நம் பாணனைப் போல. தலைவன் செத்துவிட்டால் வீரனுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. அப்படித் தனித்தவன் புலம்பும் 115 அடிப் பாட்டு ஒன்று, 'தி வாண்டரர்', 'கடலோடி' இருக்கும் அதே சுவடியில் இருக்கிறது. புறத்திணையில் கையறுநிலை படித்தவருக்கு அதை நடத்த வேண்டிய அவசியமே இல்லை.

பேவுல்ஃப் என்ற வீரனின் கதையை அவன் பெயரிலேயே சொல்லும் நெடும்பாட்டு 3182 அடி. முழுசையும் முதல் வருடமே படிக்கத் தேவையில்லை, ஆனால் மூன்று இடத்தை விடாதீர்கள். கிரெண்டல் என்ற அரக்கன் கூடத்துக்குள் புகுந்து ஆட்களைக் கொல்லும் இடத்தில், அவன் ஈட்டுப்பணம் கொடுத்துப் பகையைத் தீர்த்துக்கொள்ள மாட்டான் என்று ஒரு வரி வருகிறது. அரக்கனிடம் யார் பணம் கேட்பார்கள் என்று தோன்றும். அங்கேதான் பின்னணியைத் தேடிப் போக வேண்டும். ஒரு ஆளைக் கொன்றால் அவன் தகுதிக்குத் தக்க விலையைக் குடும்பத்துக்குக் கட்ட வேண்டும், இல்லையென்றால் பழிக்குப் பழி. கென்ட் அரசன் ஈதல்பெர்ட்டின் சட்டத்தில், சுமார் கி.பி. 600, கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங் என்று உறுப்பு உறுப்பாக விலை இருக்கிறது. அந்த முறைக்கு வெளியே நிற்பவன் என்பதால்தான் கிரெண்டல் அவ்வளவு பயங்கரமானவன்.

இரண்டாவது இடம் முடிவு. கிழவனாகிவிட்ட பேவுல்ஃப் டிராகனோடு சண்டையிட்டுச் சாகிறான். சிதை எரிகிறது, ஒரு பெண் ஒப்பாரி வைக்கிறாள், மேடு எழுப்பியபின் பன்னிரண்டு பேர் குதிரையில் அதைச் சுற்றிவந்து அவன் புகழைச் சொல்கிறார்கள். இதை நடத்தியபோது கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் நிமிர்ந்து, "அக்கா, சாவு வீட்டுல ராத்திரி முழுக்க கானா பாடுவாங்களே, அதான இது?" என்றான். அதேதான். செத்தவர் பெயரைச் சொல்லி, அவர் செய்ததைச் சொல்லி, விடிய விடியப் பாடுகிறவர்களைக் கேட்டு வளர்ந்தவன் அவன். அன்றைக்கு வகுப்பை அவனே எடுத்தான்.

மூன்றாவது, கதை நடக்கும் இடம். டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும் நடக்கிறது, இங்கிலாந்தில் இல்லை. விடைத்தாளில் அதிகம் தவறுவது இங்கேதான்.

இனி இரண்டு பேனா எடுங்கள், நீலமும் சிவப்பும். 597-இல் கிறிஸ்தவ மதத்தைப் பரப்பப் போப் கிரகரி அனுப்பிய அகஸ்டின் கென்ட்டில் இறங்கினார். அதற்கு முன் அந்த ஜெர்மானியக் கூட்டத்தார் கும்பிட்ட தெய்வங்கள் இன்னும் கிழமைப் பெயர்களில் இருக்கிறார்கள்: டியூ, வோடன், துனோர், ஃப்ரிக். டியூஸ்டே நமக்குச் செவ்வாய், வெட்னஸ்டே புதன். ரோமானியரின் போர்த் தெய்வமான மார்ஸுக்கு ஈடாக டியூவை வைத்தார்கள், நமக்கும் அன்றைக்கு அதே செவ்வாய்க் கிரகம்தான். பாட்டில் விதி, புகழ், பழி என்று வரும் இடத்தில் நீலக் கோடு போடுங்கள். கடவுள், படைப்பு, நரகம் என்று வந்தால் சிவப்பு. பேவுல்ஃபில் ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். பழைய கதையைக் கிறிஸ்தவர்கள் எழுதிவைத்தார்கள் என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

கேட்மன் கதையையும் இங்கேயே படித்துவிடுங்கள். விட்பி மடத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர். விருந்தில் யாழ் கைமாறித் தன் பக்கம் வரும்போதெல்லாம் பாடத் தெரியாது என்று எழுந்து போய்விடுவார். அப்படிப் போய்த் தொழுவத்தில் தூங்கிய இரவில், கனவில் வந்த ஒருவர் படைப்பைப் பாடு என்றார், பாடினார். ஒன்பதே அடி. பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அவர்தான். அந்த மடத்தை நடத்தியவர் ஹில்ட் என்ற பெண்மணி, ஆண் துறவிகளும் அவருக்குக் கீழேதான். மாட்டுக்காரர் பாடியதைக் கேட்டு அவரை மடத்தில் சேர்த்துக்கொண்டவரும் அவரே. எனக்கு இந்த இலக்கியத்தில் மிகப் பிடித்த ஆள் ஹில்ட்.

புத்தகம் எப்படி உருவானது என்பதை ஒரு விடுகதையே சொல்கிறது. "பகைவன் என் உயிரை எடுத்தான், தண்ணீரில் ஊறவைத்தான், வெயிலில் போட்டான், என் முடியெல்லாம் போயிற்று, கத்தியால் சுரண்டினான், பறவையின் இறகு என்மேல் நடந்தது" என்று போகும். விடை, தோலில் எழுதிய வேதப் புத்தகம். பெரியமேட்டுத் தோல் மண்டிப் பக்கம் நடந்தவர்களுக்கு இதன் வாசனைகூட வரும். இப்படித் தொண்ணூறுக்கு மேற்பட்ட விடுகதைகள், 'கடலோடி' இருக்கும் அதே எக்ஸிடர் சுவடியில் இருக்கின்றன. மிஞ்சிய கவிதையில் பெரும்பங்கு அதையும் சேர்த்து நான்கே சுவடிகளில்தான். பேவுல்ஃபுக்கு ஒரே ஒரு பிரதி, சுமார் கி.பி. 1000-இல் இரண்டு எழுத்தர்கள் எழுதியது. 1731-இல் லண்டனில் அது இருந்த வீடு தீப்பிடித்தது. ஓரம் கருகித் தப்பித்தது.

793, 871, 1066 ஆகிய மூன்றுக்கும் ஒரு மாலை போதும். 793-இல் வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். 871-இல் வெஸ்ஸெக்ஸ் அரசரான ஆல்ஃபிரட் 878-இல் அவர்களைத் தோற்கடித்து, பிறகு லத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவரச் செய்தார். படித்தவர் குறைந்துபோன நாட்டில் எல்லாருக்கும் அவசியமான நூல்கள் தாய்மொழியில் வரட்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். 1066, பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றார். கொட்டிலில் ஆங்கிலேயன் வளர்த்த 'கவ்', பிரெஞ்சு பேசிய எஜமானன் தட்டில் 'பீஃப்' ஆனது. 'ஷீப்' 'மட்டன்' ஆனது. நம் பிரியாணிக் கடைப் பலகையில் இன்றும் அந்த பிரெஞ்சுச் சொல்தான் இருக்கிறது.

பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு, தேதியில் ஆரம்பிக்காமல் ஒரு காட்சியில் ஆரம்பியுங்கள்: கூடம், நெருப்பு, யாழ், வெளியே குளிர். அதிலிருந்து தலைவன்-வீரன் உறவு, அங்கிருந்து பழிச் சட்டம், பிறகு மதம், கடைசியில் சுவடி. தேதிகள் வழியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். சாசர் என்ற கவிஞரை இதில் இழுக்காதீர்கள், அவர் 1066-க்குப் பிறகு கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து எழுத வந்தவர். அவருக்குத் தனி நோட்டு போடுங்கள்.