ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ் போடுவது?

"எந்த டிஸ்ட்ரோ நல்லது?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டிஸ்ட்ரோ.) அது இருக்கட்டும். முதலில் ஒரு பேப்பரை எடுத்து, அந்த ஆபீஸில் தினமும் எதையெல்லாம் திறக்கிறார்கள் என்று எழுதுங்கள்: பிரவுசர், மெயில், வேர்ட், எக்செல், பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள். கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் அந்த ஒரு மெஷினைத் தொடாதீர்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். மாதக் கடைசியில் அது படுத்துக்கொண்டால் முழிக்கப் போவது நீங்கள்தான்.

மற்ற மெஷின்களுக்கு என் ஓட்டு லினக்ஸ் மின்ட், அதிலும் சினமன் பதிப்பு. கீழே டாஸ்க்பார், இடது ஓரத்தில் மெனு, அவ்வளவுதான், பழகியவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மின்ட் 22 வரிசை உபுண்டு என்ற டிஸ்ட்ரோவின் 24.04 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பின் மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஃபெடோராவும் நல்ல சரக்குதான், ஆனால் ஒரு பதிப்புக்கு ஆதரவு சுமார் 13 மாதம்தான், வருஷா வருஷம் எல்லா மெஷினையும் உட்கார்ந்து அப்கிரேடு செய்ய யாருக்கு நேரம்? ரேம் குறைவான பழைய மெஷின் என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டிய ஆர்ச் மாதிரி டிஸ்ட்ரோவெல்லாம் வீட்டில் வைத்து விளையாடுங்கள்.

உடனே இன்ஸ்டால் பண்ணிவிடாதீர்கள். வென்டாய் (பென்டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் இலவசக் கருவி) போட்ட பென்டிரைவில் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது இன்ஸ்டால் செய்யும் கோப்பை, காப்பி செய்து, அதிலிருந்தே பூட் செய்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது, ஆனால் அங்கே சேமித்தது அணைத்தால் போய்விடும். அந்த ஆபீஸிலேயே மோசமான எக்செல் கோப்பு எது என்று கேட்டு வாங்கி, வேர்ட், எக்செலுக்குப் பதிலாக மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். சூத்திரங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், மேக்ரோதான் (கோப்புக்குள் எழுதிவைத்த குட்டி நிரல்) காலை வாரும். வேர்ட் கோப்பில் கேலிப்ரி எழுத்துரு இருந்தால் அதே அகலம் கொண்ட கார்லிட்டோ எழுத்துரு மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வரிகள் நகர்ந்து ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். அப்புறம் பிரிண்டர். இரண்டு பக்கமும் அடிக்கிறதா, முக்கியமாக ஸ்கேன் ஆகிறதா? ஒருமுறை பிரிண்ட் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஸ்கேனரைப் பார்க்காமலே நான் இன்ஸ்டால் செய்துவிட்டு, மறுநாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

இன்ஸ்டால் செய்த பிறகு, மின்ட்டிலேயே இருக்கும் டைம்ஷிஃப்ட் கருவியை அமையுங்கள். அப்டேட் சொதப்பினால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்; ஊழியர்களின் கோப்புகளுக்குத் தனி பேக்கப் வேண்டும், இதை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கடைசியாக, லிப்ரே ஆபீஸ் அமைப்புகளில் சேமிக்கும் வடிவத்தை வேர்ட், எக்செல் என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முதல் நாள் மதியமே வாடிக்கையாளர் போன் செய்து, "நீங்க அனுப்பின ஃபைல் திறக்கலையே" என்பார்.