கடைசி நொடியில் வெட்டித் திரும்பாதீர்கள்: கோலாலம்பூரில் வழிகாட்டிச் செயலியோடு ஓட்டுபவர்களுக்கு

வேய்ஸோ கூகுள் மேப்போ திறக்காமல் கோலாலம்பூரில் காரை எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வழி தெரிந்த இடத்துக்குக்கூட எங்கே ஜாம் என்று பார்க்கத் திறந்து வைக்கிறோம். ஆனாலும் "எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டது" என்ற புலம்பல் ஓயவில்லை. அதில் பெரும்பகுதி நம்மால் தவிர்க்கக்கூடியது. உயிரை வாங்கக்கூடிய தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் "இடப்பக்கம் செல்லவும்" என்ற குரல் தாமதமாக வருகிறது. உடனே வெள்ளைக் கோடுகளைக் குறுக்கே வெட்டிப் பாய்கிறார்கள். சிலர் நடுவிலேயே பிரேக் போடுகிறார்கள். அவசரத் தடத்தில் பின்னோக்கி வருபவர்களும் உண்டு. அந்த நேரத்தில் உங்கள் இடப்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருக்கலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். கைப்பேசி உங்கள் இடத்தைக் கணிக்க இரண்டு நொடி பிந்தினாலே 50 மீட்டர் போய்விட்டது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் கணிப்பு இன்னும் தடுமாறும். பிரிவைத் தவறவிட்டால் நேராகப் போங்கள். செயலி வேறு வழி போட்டுத் தரும். போவது கொஞ்ச நேரமும் ஒருவேளை ஒரு டோல் காசும்தான்.

செயலிக்கு உயரம் சரியாகத் தெரியாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அம்பாங், செராஸ் பக்கம் எம்ஆர்ஆர்2 என்ற சுற்றுச்சாலையை ஒட்டி உயரத்தில் ஓடுகிறது சுகே நெடுஞ்சாலை. இப்படி இரண்டு சாலைகள் மேலும் கீழுமாக நெருங்கி ஓடும் இடங்களில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று செயலி குழம்பும். அங்கே திரையை விடப் பெயர்ப்பலகையை நம்புங்கள். டோல் நெடுஞ்சாலைகளின் பலகை பச்சை நிறத்தில், ஈ (E) என்ற ஆங்கில எழுத்தோடு எண் தாங்கியிருக்கும். ஆக்லே நெடுஞ்சாலை ஈ12, ஸ்மார்ட் சுரங்கச் சாலை ஈ38. எம்ஆர்ஆர்2 போன்ற கூட்டரசுச் சாலைகளுக்கு நீலப் பலகை. இந்த நிற வேறுபாட்டைப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஸ்மார்ட் சுரங்கத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். வெள்ளநீரைத் திருப்பிவிடவும் கார்கள் ஓடவும் கட்டப்பட்டு, 2007இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது அது. கனமழையில் வெள்ள அபாயம் வந்தால் மூடிவிடுவார்கள். மோட்டாருக்கும் கனரக வாகனங்களுக்கும் அனுமதியே இல்லை. உள்ளே செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாது. ஆகவே எந்தச் சாலையில் வெளியேற வேண்டும் என்பதை நுழைவதற்கு முன்பே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் போகிறவர்கள் வேய்ஸில் வாகன வகையை மோட்டார் என்று மாற்றி வையுங்கள்.

அடுத்தது, அழைப்பிதழில் உள்ள மண்டபத்தின் பெயரை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்புவது. ஒரே பெயரில் தாமான்களும் (குடியிருப்புகள்) ஜாலான்களும் (சாலைகள்) பல ஊர்களில் உண்டு. பெயர் சரியாக இருந்தாலும் வரைபடத்தில் இடத்தைக் காட்டும் குறி கட்டடத்தின் நடுவில் விழுந்திருக்கலாம். அப்போது செயலி அதற்கு மிக அருகிலுள்ள சாலையைத் தேடும். அது சில சமயம் வேலிக்குப் பின்னால் ஓடும் நெடுஞ்சாலையாக இருந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு "வந்துவிட்டீர்கள்" என்று கேட்பது இப்படித்தான். அழைத்தவர்களிடம் நுழைவாயிலின் குறியை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். விருந்து வைப்பவர்களும் அழைப்பிதழோடு அதை அனுப்பிவிட வேண்டும். அது மரியாதையும்கூட.

பெரியவர்கள் சொல்லும் வழியில் பழைய பெயர்கள் வரும். ஜாலான் டூத்தா 2014இல் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் ஆனது. ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதி ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆனது. குரல் புதுப் பெயரைச் சொன்னால் பதற வேண்டாம். ஆங்கிலக் குரல் மலாய்ப் பெயர்களைச் சிதைத்து உச்சரிப்பதால், மலாய்க் குரலைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

டோல் தவிர்க்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். எப்போதோ அதைப் போட்டுவிட்டு மறந்தவர்களைத்தான் செயலி குறுக்குச் சந்துகளில் சுற்ற விடுகிறது. டோல் வழியே போவதென்றால், டோல் கட்டப் பயன்படும் டச் என் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். சாவடியில் ரொக்கம் வாங்கமாட்டார்கள்.

தைப்பூசத்தில் செயலியை மட்டும் நம்பிப் பத்துமலைக்குக் காரில் கிளம்பாதீர்கள். தைப்பூசத்துக்கு முன்பே ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் வெள்ளி ரதம் புறப்படும்போதே சாலைகள் அடைபடத் தொடங்கும். எந்தச் சாலை எப்போது அடைபடும் என்பது செயலிக்கு உடனே தெரியாது. காவல்துறை அறிவிப்பைப் பாருங்கள். கேடிஎம் கொமியூட்டர் ரயில் பத்துமலை நிலையம் வரை போகிறது, அதில் போவதே மேல்.

கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி, போகுமிடத்தை வண்டி நகரும் முன்பே தட்டி முடியுங்கள். ஓட்டும்போது கையில் பிடித்தால் குற்றம். வழியில் மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாகப் போனால் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி மாற்றுங்கள்.